கழித்தலும் கூடுதலும்: கொள்ளைநோய்க் காலத்து மருத்துவ மாநாடுகள்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் உள்ள மண்டகப்பட்டை வரலாற்று ஆர்வலர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ வேந்தர் முதலாம் மகேந்திரவர்மர் இங்குள்ள பாறையொன்றைக் குடைவித்துக் கோயிலாக்கினார். முகப்பின் இரு கோடியிலும் காவலர் நிற்க, உள்ளே மூன்று கருவறைகள் அமைந்த இக்குடைவரைக்கு லக்ஷிதாயதனம் என்று பெயர். இதன் புகழுக்குச் சிற்பங்களைவிடக் கல்வெட்டே பெரிதும் காரணம் எனலாம். பிரம்மன், ஈசுவரன், விஷ்ணு ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் எடுப்பித்த இக்கோயில் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி அமைந்தது என்கிறது அந்த வடமொழிக் கல்வெட்டு.

ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசும் கல்வெட்டுகள், அதில் என்னென்ன செய்யப்பட்டன என்று அடுக்குவதே வழக்கம். மண்டகப்பட்டுக் கல்வெட்டோ எவையெவை விலக்கப்பட்டன என்று அடுக்குகிறது. கோயில் என்றால் இவையெல்லாம் வேண்டும் என்று அதுவரை எண்ணப்பட்டவற்றை ஒவ்வொன்றாகக் கழித்த பின்னும் கோயில் எஞ்சியது என்பதே அவ்வேந்தரின் பெருமிதம்.

2020 மார்ச் 17 முதல், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள 3,000க்கும் மேற்பட்ட சின்னங்கள் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக மூடப்பட்டன. அந்த வாரங்களில்தான் உலகெங்கும் மருத்துவ மாநாடுகளைத் திட்டமிட்டிருந்தோர் மகேந்திரரின் பட்டியலையொத்த ஒரு பட்டியலை எழுதிக்கொண்டிருந்தனர். மண்டபம் இல்லை, பயணம் இல்லை, விருந்து இல்லை, கைகுலுக்கல் இல்லை. இவையனைத்தையும் கழித்தபின் எஞ்சுவது மாநாடாகுமா? மருத்துவர் அவைக்கு இன்றியமையாதது எது, கழிக்கத்தக்கது எது?

இக்கேள்வி புதிதன்று. நூறாண்டுகளுக்கு முன் உலகைச் சூறையாடிய பிளேக் பெருந்தொற்றின்போதும் மருத்துவர்கள் கூடினார்கள், கூடுவதற்குத் திட்டமிட்டார்கள். வெனிசு, பம்பாய், முக்டென், சென்னை என்று அமைந்த அந்த அவைகளின் வரலாற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

வெனிசு, 1897: குற்றம்சாட்டப்பட்டவர் இல்லாத அவை

1894இல் ஹாங்காங்கைத் தாக்கிய பிளேக், 1896இல் பம்பாயை அடைந்தது. செப்டம்பரில் மாண்டவிப் பகுதியில் நோயாளிகளைக் கண்டு இது பிளேக்கே என்று முதலில் உரைத்தவர் மருத்துவர் அகாசியோ வியேகாசு. பம்பாயின் துறைமுகம் உலகின் பல துறைமுகங்களோடு இணைக்கப்பட்டிருந்ததால் ஐரோப்பிய அரசுகள் நடுங்கின. 1897 பிப்ரவரி 16 அன்று வெனிசு நகரில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. பிளேக்கை மட்டுமே பொருளாகக் கொண்டு கூடிய முதற் பன்னாட்டுச் சுகாதார மாநாடு இது.

இந்த அவையின் அமைப்பைச் சற்றே ஊன்றிப் பார்க்க வேண்டும். நோய் பம்பாயில், மாநாடு இத்தாலியில். மாண்டவர் இந்தியர், இந்தியாவின் பெயரால் பேசியோர் பிரித்தானிய அரசு அமர்த்திய அதிகாரிகள். செங்கடல், பாரசீக வளைகுடா, சூயசுக் கால்வாய், மெக்காவுக்குச் செல்லும் பயணிகளின் கப்பல்கள் ஆகியவற்றைப் பற்றியே அவை பெரிதும் விவாதித்தது. நோயைத் தடுப்பது என்பது இந்தியாவிலிருந்து வரும் மனிதரைத் தடுப்பது என்றே பொருள்கொள்ளப்பட்டது.

அவர்களைக் குறை கூறுவதற்கு முன், அவர்கள் எதை அறிந்திருக்கவில்லை என்பதையும் கருத வேண்டும். பிளேக் நுண்ணுயிரியை யெர்சினும் கிடசாட்டோவும் 1894இல் ஹாங்காங்கில் கண்டறிந்துவிட்டனர். ஆனால் அது மனிதரை எவ்வழி அடைகிறது என்பது 1897இல் தெளிவாகவில்லை. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அதைக் கடத்துகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோண்டு 1898இல் கராச்சியில் செய்த சோதனையால் காட்டினார். அப்போதும் உலகம் உடனே நம்பவில்லை. இந்திய அரசு அமைத்த பிளேக் ஆணையமே அவருடைய கருத்தை ஏற்க மறுத்தது.

ஆக, நோய் பரவும் வழியறியாத அவையொன்று, நோயுற்ற மக்களுக்கு இருக்கை தராமல், அம்மக்களின் நடமாட்டத்தைப் பற்றி முடிவெடுத்தது. இந்தியாவில் வெனிசு மாநாடு கூடுமுன்னரே, பிப்ரவரி 4 அன்று கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறிவிட்டது. அதன் துணையோடு வீடுகள் சோதனையிடப்பட்டன, பயணிகள் இறக்கப்பட்டனர், உடைமைகள் எரிக்கப்பட்டன. அந்த ஆண்டு இந்தியாவிலிருந்து மெக்காப் பயணமும் நிறுத்தப்பட்டது. ஜூன் 22 அன்று புனேயில் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டதற்குப் பின்னணி இந்தக் கெடுபிடிகளே.

தமிழருக்கும் இதில் பங்குண்டு. தென்னார்க்காடு உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து பிழைப்பைத் தேடிக் கடல் கடந்தோர் பல்லாயிரவர். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் முதலில் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் முகாம்களில் நாள்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டனர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறியவர்களை எதிர்கொண்டது ஜெரஜா என்னும் சிறு தீவின் தனிமைப்படுத்தும் நிலையம். முதல் வகுப்பில் பயணம் செய்தோரும் கப்பலின் தளத்தில் சுருண்டு கிடந்தோரும் ஒரே கடலைத்தான் கடந்தனர். ஆனால் நோயைச் சுமப்பவர் என்று முதலில் ஐயுறப்பட்டவர் தளத்தில் கிடந்தவரே. வெனிசு போன்ற அவைகளின் சொற்கள் இறுதியில் வந்து விழுந்த இடம் இவர்களுடைய முதுகு.

பம்பாய், 1909: நோயின் நகரிலேயே ஒரு கூட்டம்

பன்னிரண்டாண்டுகள் கழிந்தன. பிளேக் ஓயவில்லை. 1907இல் மட்டும் இந்தியாவில் 10 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்நோயால் மாண்டனர். இதற்கிடையில் பம்பாயின் பரேல் பகுதியில் இருந்த பழைய ஆளுநர் மாளிகை, பிளேக் ஆய்வுக்கூடமாகியிருந்தது. வால்டெமார் ஹாஃப்கின் தாம் உருவாக்கிய பிளேக் தடுப்பூசியை 1897 ஜனவரியில் தம் உடலிலேயே முதலில் செலுத்திச் சோதித்தார் என்பதை நம்மில் பலர் அறிவோம். 1905இல் அமைந்த புதிய ஆய்வுக்குழு பரேலில் தங்கி, எலி, தெள்ளு, மனிதர் என்னும் சங்கிலியை ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பித்தது. சிமோண்டு சொன்னது சரியென்று உலகம் ஒப்புக்கொள்ளப் பத்தாண்டுகள் ஆயின!

இப்பின்னணியில் 1909 பிப்ரவரியில் பம்பாய் மருத்துவ மாநாடு கூடியது. பம்பாய் ஆளுநர் சர் ஜார்ஜ் கிளார்க் அதனைத் திறந்துவைத்தார். பிளேக் இன்னும் ஆண்டுதோறும் தலைகாட்டிக்கொண்டிருந்த நகரம் அது. அங்கேயே மருத்துவர்களை அழைக்கத் துணிந்தது எதனால்? தெள்ளே கடத்தி என்பது தெரிந்துவிட்டதால்தான். அவையில் அருகருகே அமர்வதால் நெறிகட்டும் பிளேக் பரவாது என்ற அறிவு, கூடுவதற்கான துணிவைத் தந்தது. நோய் பரவும் வழியை அறிதலே மாநாட்டைத் திட்டமிடுவதன் முதற்படி என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

அம்மாநாட்டில் படிக்கப்பட்ட கட்டுரைகளுள் ஒன்று இன்றும் நினைக்கத்தக்கது. கிறிஸ்டோபர்சு, பெண்ட்லி ஆகிய இருவரும் மலேரியாவைப் பற்றி எழுதிய அக்கட்டுரையின் தலைப்பே மனிதக் காரணியைக் குறிப்பது. பஞ்சத்தாலும் வறுமையாலும் பெயர்ந்த தொழிலாளர் பெருங்கூட்டமாக ஓரிடத்தில் குவிக்கப்படும்போது நோய் கொழுந்துவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. கொசுவை மட்டும் எண்ணினால் போதாது, கூலியையும் குடிசையையும் எண்ண வேண்டும் என்பதே இதன் சாரம். நோய் நிகழும் நாட்டில், நோயாளியை நேரில் கண்டவர் பேசும் அவையில் இத்தகைய பேச்சு எழுந்தது. வெனிசில் குற்றவாளியாக நின்ற இந்தியத் தொழிலாளி, பம்பாயில் நோயின் காரணத்தை விளக்கும் சான்றாகவாவது மாறினான். ஆயினும் பேசும் இடத்தை அவன் இன்னும் அடையவில்லை.

ஹார்பின்: பரேலின் பாடம் பொய்த்த இடம்

1910ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மஞ்சூரியாவில் பிளேக் தோன்றியது. தார்பகன் என்னும் மலையணிலின் தோலுக்கு ஐரோப்பியச் சந்தையில் விலை ஏறியிருந்ததால், அனுபவமில்லாத வேட்டைக்காரர் பலர் அவ்விலங்கைத் தேடித் திரிந்தனர். அவர்களிடையே தோன்றிய நோய், இருப்புப்பாதை வழியே ஹார்பினை அடைந்தது. இங்கே நோயாளிகளுக்கு நெறி கட்டவில்லை. இருமினர், இரத்தம் உமிழ்ந்தனர், ஓரிரு நாள்களில் இறந்தனர். பிழைத்தவர் ஏறக்குறைய எவருமில்லை.

சீன அரசு அங்கே அனுப்பிய மருத்துவர் வூ லியன்-தே. 1879இல் பினாங்கில் பிறந்தவர். பினாங்கு ஃப்ரீ பள்ளியில் பயின்று கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்றவர். நாகப்பட்டினத்துக் கப்பல்கள் சென்றடைந்த அதே தீவின் மைந்தர்! தமிழர் பெருந்திரளாக வாழ்ந்த ஊரில் வளர்ந்து, அங்கேயே சில ஆண்டுகள் மருத்துவத் தொழிலும் செய்தவர். 1910 டிசம்பர் 24 அன்று ஹார்பினை அடைந்தபோது அவருக்கு வயது 31.

சில நாள்களுக்குள் அவர் இறந்த பெண்ணொருத்தியின் உடலைக் கமுக்கமாக அறுத்து ஆராய்ந்தார். பிரேதத்தைத் தீண்டுவது பெரும் பழியாகக் கருதப்பட்ட இடம் அது. நுரையீரலில் பிளேக் நுண்ணுயிரி நிறைந்திருந்தது. எலியும் தெள்ளும் இங்கே இடையில் இல்லை, மூச்சும் இருமலுமே நோயைக் கடத்துகின்றன என்று அவர் முடிவுசெய்தார். பஞ்சும் வலைத்துணியும் கொண்ட முகக்கவசத்தை மருத்துவரும் பணியாளரும் அணிய வேண்டும் என்றார்.

அறிவுலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. பரேலில் பெற்ற பாடம் அப்போதுதான் நிலைபெற்றிருந்தது; பிளேக் என்றால் எலி என்பதே அன்றைய இலக்கணம். சீனாவில் பணியாற்றிய மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெனி, இளையவரான வூவின் கருத்தை இகழ்ந்தார். முகக்கவசமின்றி ஹார்பின் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்வையிட்டார். 1911 ஜனவரியில், சில நாள்களிலேயே, அவர் பிளேக்கால் இறந்தார். அவர் கற்றிருந்த பாடம் பொய்யன்று. அது வேறொரு வடிவ நோய்க்குரிய பாடம். நேற்றைய கொள்ளைநோயின் மெய், இன்றைய கொள்ளைநோயில் உயிரைக் குடித்தது.

கடுங்குளிரில் நிலம் உறைந்திருந்தமையால் புதைக்க வழியின்றிச் சுமார் 2,000 சவப்பெட்டிகள் ஹார்பினுக்கு வெளியே குவிந்து கிடந்தன. முன்னோர் உடலை எரிப்பதை ஏற்காத நாட்டில், பேரரசின் ஒப்புதலைக் கேட்டுப் பெற்று, ஜனவரி 31 அன்று அவற்றை எரியூட்டினார் வூ. மார்ச் 1 அன்று ஹார்பினில் கடைசி நோயாளி பதிவானார். மஞ்சூரியா முழுவதும் மாண்டவர் தொகை 60,000 வரை என்று மதிப்பிடப்படுகிறது.

முக்டென், 1911: திட்டமிடலின் இலக்கணம்

நோய் முற்றும் அடங்குமுன்னரே சீன அரசு உலக நாடுகளுக்கு அழைப்பு விடுத்தது. 1911 ஏப்ரல் 3 முதல் 28 வரை முக்டென் நகரில், அதாவது இன்றைய ஷென்யாங்கில், பன்னாட்டுப் பிளேக் மாநாடு நடந்தது. சீனாவோடு சேர்த்து 11 நாடுகள் பங்கேற்றன. கொள்ளைநோய்க் காலத்து மாநாடு எப்படித் திட்டமிடப்பட வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நாம் அறியோம். அதன் கூறுகள் ஒவ்வொன்றையும் பிரித்து நோக்குவது தகும்.

முதலாவது, இடம். பீகிங்கிலோ ஐரோப்பியத் தலைநகரிலோ கூடாமல், சில வாரங்களுக்கு முன்வரை நோயால் மடிந்துகொண்டிருந்த நகரிலேயே கூடினர். முக்டென் இருப்புப்பாதையில் பயணிகளைச் சோதித்துவந்த இளம் மருத்துவர் ஆர்தர் ஜாக்சன் அவ்வாண்டு ஜனவரியில்தான் அந்நகரில் இறந்திருந்தார். பேராளர்கள் ஹார்பினுக்கும் அழைத்துச் செல்லப்பட்டனர்.

இரண்டாவது, காலம். மிகவும் முன்னே கூடியிருந்தால் பேராளர்களே நோய்க்கு இரையாகியிருப்பர். மூச்சால் பரவும் நோயில் அவையே கொலைக்களமாகும். மிகவும் பின்னே கூடியிருந்தால் சான்றுகள் மறைந்திருக்கும். உலகின் அக்கறையும் தணிந்திருக்கும். ஹார்பினின் கடைசி நோயாளிக்கும் மாநாட்டின் முதல் நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து வாரங்கள்.

மூன்றாவது, சான்று. பிலிப்பைன்சின் மணிலாவிலிருந்து வந்த அமெரிக்க அறிஞர்கள் ரிச்சர்ட் ஸ்ட்ராங், ஆஸ்கர் டீக் இருவரும் நோய் எஞ்சியிருந்த நாள்களிலேயே முக்டெனில் பிரேதங்களை ஆராய்ந்தனர். நோயாளிகளின் முகத்துக்கு எதிரே நுண்ணுயிர் வளர்க்கும் தட்டுகளைப் பிடித்துச் சோதித்தனர். இயல்பான மூச்சின்போது தட்டுகளில் பிளேக் நுண்ணுயிரி வளரவில்லை, இருமியபோது வளர்ந்தது. சப்பானியர் ஆயிரக்கணக்கான எலிகளைப் பிடித்துச் சோதித்து அவற்றில் பிளேக் இல்லை என்ற விடையோடு வந்தனர். இல்லை என்ற விடையும் அவைக்கு வேண்டிய விடைதான் என்பதை நாம் மறக்கலாகாது.

நான்காவது, கேள்வி. சீன அரசின் சார்பில் மாநாட்டை ஏற்பாடு செய்த ஷி சாவோஜி, அவை விடைகாண வேண்டிய வினாக்களைத் தம் தொடக்க உரையிலேயே முன்வைத்தார். நோய் எங்கிருந்து வந்தது, இது நெறிகட்டும் பிளேக்கின் நுண்ணுயிரியிலிருந்து வேறானதா, எவ்வழி பரவுகிறது, எவ்வாறு தடுப்பது என்பன போன்ற வினாக்கள் அவை. பேராளர் தத்தம் புலமையைக் காட்ட வந்த அவையாக அது நீர்த்துப்போகாமல் காத்தவை இவ்வினாக்களே.

ஐந்தாவது, இருக்கை. பிளேக் நுண்ணுயிரியைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான கிடசாட்டோ அவையில் இருந்தார். ருசியாவின் சபோலோத்னி இருந்தார். பம்பாயில் பிளேக் ஆய்வில் ஈடுபட்ட பெட்ரி, பிரித்தானியப் பேராளர்களுள் ஒருவராக வந்திருந்தார். இத்தகைய சான்றோர் நடுவே தலைமை இருக்கையில் அமர்ந்தவர் 32 வயதே நிரம்பிய வூ லியன்-தே. நோயின் நடுவே நின்றவர் அவர் என்பதே அதற்குரிய தகுதி. வெனிசில் எந்த இருக்கை வெறுமையாக இருந்ததோ, அந்த இருக்கை முக்டெனில் அவையின் தலையாயிற்று.

இதில் அரசியல் இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். நிறையவே உண்டு. மஞ்சூரியாவின் இருப்புப்பாதைகள் ருசியாவின் கையிலும் சப்பானின் கையிலும் இருந்தன. சீனரால் நோயை அடக்க இயலாதென்று சொல்லி, நோய்த்தடுப்பைக் காரணமாக்கி நிலத்தைக் கவர இருவரும் காத்திருந்தனர். எம் வீட்டு நோயை யாமே ஆராய்வோம், நீங்கள் விருந்தினராக வந்து உதவுங்கள் என்று சொல்வதற்கான வழியாகவும் சீன அரசுக்கு இம்மாநாடு பயன்பட்டது. அரசியல் கலந்தமையால் அறிவின் தரம் தாழவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

பரேலின் பாடமும் ஹார்பினின் பாடமும் ஒன்றையொன்று அழிக்காமல் அருகருகே நிற்க இடம்செய்ததே இம்மாநாட்டின் பெரும்பேறு. நுண்ணுயிரி ஒன்றே; பரவும் வழி இரண்டு. ஓரிடத்தில் எலியைப் பார், ஓரிடத்தில் இருமலைப் பார். மாநாட்டின் விரிவான அறிக்கை 1912இல் மணிலாவில் அச்சாகியது. தார்பகனிடம் பிளேக் உண்டு என்பதற்கான நேரடிச் சான்றைச் சபோலோத்னியின் குழு 1911 கோடையில் கண்டது. மாநாட்டைக் கூட்டிய மஞ்சு அரசகுலம் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் முடிதுறந்தது. ஆனால் மாநாட்டின் விளைவாக வூவின் தலைமையில் 1912இல் தோன்றிய வட மஞ்சூரியப் பிளேக் தடுப்புப் பணியகம் நிலைத்தது. 1920-21இல் நுரையீரல் பிளேக் மீண்டும் வந்தபோது எதிர்கொள்ள ஆளும் அமைப்பும் ஆயத்தமாக இருந்தன.

சென்னை, 1912: நம்மூர் அவை

முக்டென் மாநாடு நடந்த அதே 1911இல், நவம்பர் மாதத்தில், பம்பாயில் முதலாவது அகில இந்தியச் சுகாதார மாநாடு கூடியது. இரண்டாவது மாநாடு 1912 நவம்பரில் சென்னையில் நடந்தது. மூன்றாவது 1914 ஜனவரியில் லக்னோவில். பிளேக்கும் காலராவும் ஓயாத நாட்டில், ஆண்டுக்கு ஓரூராகக் கூடுவது என்ற முறையே ஒரு திட்டம். மாகாணந்தோறும் நோய் வேறு, நீர் வேறு, வீடு வேறு என்பதால் தலைநகரில் இருந்தபடி அனைத்தையும் தீர்மானிக்க இயலாது.

இதற்குத் தென்னாட்டிலேயே நல்லதொரு சான்று உண்டு. பம்பாயும் பஞ்சாபும் பிளேக்கால் அழிந்ததுபோலச் சென்னை நகரம் அழியவில்லை. இதன் காரணத்தை விளக்க உதவியவர் கொழும்பு நகராட்சியின் நுண்ணுயிரியல் வல்லுநர் ஹர்ஸ்ட். எலியின் மீது வாழும் தெள்ளிலும் இனங்கள் உண்டு. கொழும்பிலும் சென்னையிலும் மிகுந்திருந்த இனம், பம்பாயில் மிகுந்திருந்த இனத்தைப் போலத் திறமையாக நோயைக் கடத்துவதில்லை என்பது அவரது ஆய்வின் முடிவு. ஒரூரின் மெய் இன்னொரூருக்கு அப்படியே பொருந்தாது என்பதை மெனியின் சாவு ஒருவகையில் உணர்த்தியது. தெள்ளின் இனவேறுபாடு இன்னொரு வகையில் உணர்த்தியது.

இந்த அவைகளின் காலத்தில்தான் இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் 1911இல் தோன்றியது. அதன் ஆய்விதழ் 1913இல் வெளிவரத் தொடங்கியது. அக்கழகமே 1949இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர்பெற்றது. 2020இல் யாருக்குச் சோதனை செய்வது, எப்படிச் செய்வது என்று நாளேடுகளில் நாம் நாள்தோறும் படித்த நெறிமுறைகள் இக்கழகத்தினுடையவை. பிளேக் காலத்தில் விதைத்த ஒன்று நூறாண்டு கழித்து நம் ஊர் மருத்துவமனை வரை வந்து நின்றது.

ஆயினும் வெனிசின் குறை இங்கும் நீங்கவில்லை. இவை பெரிதும் ஆட்சியாளரும் அவர்தம் அதிகாரிகளும் கூடிய அவைகள். தட்டப்பாறை முகாமில் காத்துக்கிடந்தவரின் குரலுக்கு அங்கே இடமில்லை.

2020: எல்லாவற்றையும் கழித்த அவை

கொரோனாக் காலத்துக்கு வருவோம். 2020 பிப்ரவரி 26, 27 ஆகிய நாள்களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர விடுதியொன்றில் பயோஜென் என்னும் மருந்து நிறுவனத்தின் மேலாளர் கூட்டம் நடந்தது. வந்தவர் 200க்கும் குறைவு. அங்கே பரவிய நச்சுயிரியின் மரபுத் தடத்தைப் பின்தொடர்ந்த அறிஞர்கள், அதன் கிளையாகத் தோன்றிய தொற்றுகள் அவ்வாண்டு நவம்பர் தொடக்கத்துக்குள் 3 லட்சம் வரை எட்டியிருக்கலாம் என்று ‘சயின்ஸ்’ இதழில் மதிப்பிட்டனர். மருந்தறிந்தோர் கூட்டமே நோயின் ஊற்றாயிற்று!

அடுத்த பத்து நாள்களில் அதே பாஸ்டனில் எச்.ஐ.வி. ஆய்வாளர்களின் ஆண்டு மாநாடு நடைபெற இருந்தது. மார்ச் 8இல் தொடங்கவேண்டிய அதனை, மார்ச் 6 அன்று இணையவழிக்கு மாற்றினர். கொரோனாவைப் பற்றிய சிறப்பு அமர்வொன்றையும் சேர்த்துக்கொண்டனர். சான் பிரான்சிசுகோவில் ஜூலையில் கூடவேண்டிய உலக எய்ட்சு மாநாடும் திரையிலேயே நடந்தது. நம் நாட்டிலோ 2020 ஜனவரியில் பெங்களூரில் கூடிய இந்திய அறிவியல் மாநாடு, அடுத்து 2023 ஜனவரியில்தான் நாகபுரியில் கூட முடிந்தது. இன்புளுயன்சா 1 கோடிக்கும் மேற்பட்ட இந்தியரைக் கொன்ற 1918ஐ அடுத்து, 1919 ஜனவரியில் லியனார்டு ரோஜர்சு தலைமையில் அதே மாநாடு பம்பாயில் கூடியது என்பதை இதனோடு ஒப்பிட்டால், நோயின் போக்கை அறிவதிலும் அஞ்சுவதிலும் நாம் எவ்வளவு மாறியிருக்கிறோம் என்பது புலனாகும்.

திரைவழி மாநாட்டில் பெற்றது எது, இழந்தது எது? பயணச் செலவும் விசாவும் கழிந்தன. முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர், இரவுப் பணிக்கிடையே பாஸ்டன் அமர்வைக் கேட்கும் வாய்ப்பு வந்தது. முன்னாளில் இது எண்ணிப்பார்க்கவும் இயலாதது. அதே வேளையில், முக்டெனின் பேராளர்கள் ஹார்பினுக்குச் சென்று கண்டது போன்ற காட்சி கழிந்தது. இருபத்தாறு நாள் ஒன்றாக உண்டு, உலாவி, சினந்து, உடன்பட்டு எழுதிய அறிக்கைக்குரிய பொழுதும் கழிந்தது.

ஆனால் இவற்றினும் ஆழமான வினா ஒன்றுண்டு. முண்டியம்பாக்கத்து மருத்துவர் திரையில் கேட்டார். அவர் பேசியதை யாரேனும் கேட்டார்களா? கேட்கும் இருக்கை பெருகியது உண்மை. சொல்லும் இருக்கை அதே அளவு பெருகியதா? நோயாளிகளுக்கு நடுவே நின்ற செவிலியர், துப்புரவுப் பணியாளர், சொந்த ஊருக்கு நடந்தே திரும்பிய தொழிலாளர் ஆகியோர் கண்டறிந்தவை அறிவாக ஏற்கப்பட்டு அவையேறினவா? இவ்வாறு வினவும்போது 1897க்கும் நமக்கும் இடையிலுள்ள தொலைவு நாம் நினைத்த அளவு பெரிதன்று என்றே தோன்றுகிறது.

எஞ்சுவது

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால், கழிக்கத்தக்கவையும் கழிக்கலாகாதவையும் ஓரளவு தெளிவாகும். மண்டபத்தைக் கழிக்கலாம், விருந்தையும் ஊர்வலத்தையும் கழிக்கலாம், நோய் பரவும் வழி கோரினால் நேர்முகத்தையும் கழிக்கலாம். நான்கை மட்டும் கழிக்கலாகாது. நோய் எவ்வழி பரவுகிறது என்ற அறிவுக்கேற்பக் கூடும் முறையை அமைத்தல் ஒன்று. முன்கூட்டியே வகுத்த வினாக்கள் இரண்டு. நேற்றைய பாடத்தை இன்றைய சான்றால் சோதிக்கும் துணிவு மூன்று. நோயின் நடுவே நின்றவருக்குப் பேசும் இருக்கை நான்கு. வெனிசில் முதல் மூன்றுக்கும் பஞ்சமோ இல்லையோ, நான்காவது அறவே இல்லை; அதன் விலையைக் கொடுத்தவர் வெனிசைக் கேள்விப்பட்டும் இராத மக்கள்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. வரும்போது மாநாடுகள் மீண்டும் திட்டமிடப்படும். அழைப்பிதழில் பேச்சாளர் பட்டியல் அச்சாகும் முன், ஏற்பாட்டாளர்கள் அப்பட்டியலை ஒருமுறை படித்துப் பார்த்து, இவர்களுள் நோயாளியின் அருகில் நின்றவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்வார்களாயின், வூ லியன்-தே அமர்ந்த இருக்கை வீண்போகவில்லை என்று நாம் கொள்ளலாம்.